சோலையும் புல்வெளியும்: சூழலியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் சூழல் மண்டலம் என்றால் ஒரு குளம், நாலைந்து அம்புக்குறி, மேலே ஒரு சூரியன். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். அதனால் இங்கே எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் மேல்தட்டில், ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும்தான் அந்த இடம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் எல்லோரும் இதைக் கடந்துதான் போகிறார்கள். காட்டை நின்று பார்க்கிறார்கள். புல்லை யாரும் பார்ப்பதில்லை. எனவே புல்லைப் பற்றி இங்கே கூடுதலாகவே இருக்கும்.

சூழலியலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்றுதானா?

இல்லை. சூழலியல் ஓர் அறிவியல். ஓர் உயிரினம் மற்ற உயிரினங்களோடும், மண், நீர், வெயில், பனி இவற்றோடும் எப்படிப் பிணைந்து வாழ்கிறது என்று ஆராய்வது அதன் வேலை. 1866-இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். பாதுகாப்பு என்பது நாம் எடுக்கும் முடிவு, இறங்கிச் செய்யும் காரியம். முதலாவது தெரியாமல் இரண்டாவதில் இறங்கினால், பசுமையாக்குகிறோம் என்ற நினைப்பிலேயே ஓர் இடத்தை அழித்துவிட முடியும். நம் மலைகளில் அது நடந்திருக்கிறது.

சூழல் மண்டலம் என்று எதைச் சொல்கிறோம்? அதற்கு எல்லை உண்டா?

உயிருள்ளவை, உயிரற்றவை இரண்டையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1935-இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி சொன்னார். அதற்கு முன் செடியைத் தனியாக, விலங்கைத் தனியாக, மண்ணைத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லையை வைப்பது ஆராய்கிறவர்தான். 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்கா முழுவதையும் ஒரு சூழல் மண்டலமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு கடமான் போட்ட புழுக்கைக் குவியலையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள்ளும் வண்டு, புழு, பூஞ்சை, ஈரம், வெப்பம் எல்லாம் இருக்கின்றன. எங்கே கோடு போட்டாலும் அது மூடிய பெட்டி ஆகாது. தென்மேற்குப் பருவமழை வெளியிலிருந்து வருகிறது. புல்வெளியில் விழுந்த மழை பவானியாக இறங்கி ஈரோட்டு வயலுக்குப் போகிறது.

சோலையும் புல்வெளியும் ஒட்டியே இருக்கின்றன. காடு ஏன் பரவிப் புல்வெளியை மூடவில்லை?

சூழலியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அங்கே போய் நின்றால் யாருக்கும் தோன்றும். மலை மடிப்பில் அடர்ந்த சோலை. மரங்கள் அதிக உயரமில்லை, கிளையெல்லாம் பாசி, கொழுந்து செம்பு நிறம். ஓர் அடி வெளியே வைத்தால் முழங்கால் உயரப் புல். நடுவில் இடைநிலை என்று சொல்ல ஏதும் இல்லை. கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு.

முக்கியமான காரணங்களில் ஒன்று உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்த இரவுகளில் திறந்த நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. விடியும்போது புல்நுனி எல்லாம் வெள்ளையாக இருக்கும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் அதே இரவில் அங்கே உறைபனி விழுவதில்லை. சோலை மரத்தின் விதையைப் பறவை கொண்டுபோய்ப் புல்வெளியில் போட்டாலும், முளைத்த கன்று ஒரு பனிக்காலத்தைத் தாண்டுவது அரிது. புல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் வளரும் நுனி தரையை ஒட்டிப் பதுங்கியிருக்கிறது. மேலே உள்ள தாள் கருகினாலும், மேயப்பட்டாலும், எரிந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இதைப் பற்றி 1938-லேயே ஒரு பெரிய விவாதம் நடந்தது. உறைபனி காக்கும் இயற்கையான, நிலைத்த தாவரத் தொகுதிதான் இந்தப் புல்வெளி என்று வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் எழுதினார். மனிதர்கள் தீ வைத்ததால், கால்நடை மேய்த்ததால் காடு அழிந்து உருவானதுதான் இந்தப் புல்வெளி என்று தாவரவியலாளர் என்.எல். போர் மறுத்தார். பல பத்தாண்டுகள் கழித்து நீலகிரியின் சதுப்புகளைத் தோண்டினார்கள். அங்கே குளிரும் ஈரமும் சேர்ந்து செடிகொடிகளை முழுதாக மட்கவிடாமல் அடுக்கடுக்காகக் கரிய மண்ணாக வைத்திருக்கின்றன. அந்த அடுக்குகளில் உள்ள கரிமத்தை (கார்பன்) ஆராய்ந்த சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் உழைத்தவர்களும் 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளாகப் புல்வகைகள் காலநிலைக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் அங்கே இருந்திருக்கின்றன. உழவோ கால்நடை வளர்ப்போ தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே புல்வெளி இருந்தது.

தரிசு என்று வருவாய்க் கணக்கில் எழுதப்பட்ட நிலத்தின் வயது இது.

அப்படியானால் எல்லா இடமும் கடைசியில் காடாக மாறும் என்று படித்தோமே?

வெட்டவெளியில் முதலில் பாசி, பிறகு புல், புதர், கடைசியில் காடு என்று வரிசையாகச் சொல்லித் தருகிறார்கள். சில இடங்களில் அப்படி நடக்கும். ஆனால் அது எல்லா நிலத்துக்கும் விதிக்கப்பட்ட பாதை அல்ல. பனி, தீ, மேய்ச்சல், மண்ணின் ஆழம், மழை ஆகியவற்றைப் பொறுத்து ஓர் இடம் புல்லாகவே நிலைத்து நிற்கலாம். புல்வெளியைப் பாதியில் நின்றுபோன காடாகப் பார்க்கிற பழக்கத்தை விட்டால்தான் மற்றவை புரியும்.

உணவுச் சங்கிலி சரி. மேலே போகப்போக விலங்குகள் ஏன் குறைகின்றன?

வெயிலைச் சேமிப்பது புல். புல்லை வரையாடும் கடமானும் தின்கின்றன. அவற்றைப் புலி, சிறுத்தை, செந்நாய் அடிக்கின்றன. ஒரு படியில் சேர்ந்த ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படியின் உடம்பாக மாறுகிறது. மற்றது நடக்க, மூச்சுவிட, உடம்பைச் சூடாக வைத்திருக்கச் செலவாகிறது; ஒரு பகுதி செரிக்காமல் சாணமாக வெளியேறுகிறது. 1942-இல் ரேமண்ட் லிண்டெமன் அமெரிக்காவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து ஆற்றல் படிப்படியாகக் குறைவதைக் கணக்கிட்டுக் காட்டினார். பத்து சதவீதம் என்பது தோராயம்தான். இடத்துக்கு இடம் மாறும்.

ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரைவிலங்குகள் தேவை. அந்த 50 போனாலும் குறையாமல் இருக்க 500 அளவில் இரைவிலங்குகள் அந்தப் பகுதியில் இருக்க வேண்டும். 500 விலங்குகளுக்கு எவ்வளவு புல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். புலியைக் காப்பாற்று என்பதும் புல்லைக் காப்பாற்று என்பதும் ஒரே கோரிக்கை.

வேட்டையாடும் விலங்குகள் இல்லாவிட்டால் வரையாடு பெருகுமே, அது நல்லதுதானே?

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 இருந்தன. பெருக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவற்றைக் குறைத்தது புலி அல்ல. வேட்டைத் துப்பாக்கியும், புல்வெளி துண்டு துண்டானதும்தான். வேட்டை விலங்குகள் பெரும்பாலும் நோயுற்றதை, முதிர்ந்ததை, குட்டியை எடுக்கின்றன. மந்தையை ஓரிடத்தில் நிற்கவிடாமல் நகர்த்துகின்றன. நகர்வதால் மேய்ந்த இடம் தேறுகிறது. ஒரு நிலம் இத்தனை வாயைத்தான் தாங்கும். அந்தத் தாங்குதிறனைத் தாண்டினால் பசியும் நோயும் வேட்டையாடத் தொடங்கும்.

வரையாட்டுக்குப் பாறைச் சரிவும் வேண்டும். ஆபத்து என்றால் அது ஓடுவது புலி ஏற முடியாத விளிம்புக்கு. ஆழியாறு–வால்பாறை சாலையில் 9-ஆம் கொண்டை ஊசி வளைவுக்கு அருகே அது செங்குத்தான பாறையில் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஒரே மலையில் இத்தனை உயிரினங்கள் எப்படிச் சண்டையில்லாமல் வாழ்கின்றன?

போட்டி இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தை, உணவை, நேரத்தைப் பிடித்திருக்கின்றன. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை புல்வெளியில் மட்டுமே வாழும். கூடு கட்டுவதும் தரையில் புற்கற்றைக்கு அடியில். மரம் அடர்ந்தால் அது போய்விடும். சோலைக்குள் வாழும் கருஞ்சிவப்பு ஈப்பிடிப்பானுக்கு அந்தப் புல்வெளி பயன்படாது. இரண்டும் சில நூறு மீட்டர் இடைவெளியில் இருக்கலாம். ஆனாலும் அவற்றின் உலகம் வேறு. பறவைகள் எத்தனை வகை என்று மட்டும் எண்ணினால் இது தெரியாமல் போகும். புல்வெளியில் மரம் வைத்தால் ஊர்ப்பக்கத்துப் பறவைகள் நாலு வகை கூடுதலாக வரும். எண்ணிக்கை ஏறும். உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்று அங்கிருந்து மறையும்.

மட்கவைக்கும் உயிரினங்கள் இல்லையென்றால் என்ன ஆகும்?

சத்து எல்லாம் செத்த உடம்பிலும் சாணத்திலும் பூட்டிக் கிடக்கும். ஆற்றல் ஒருவழிப் பயணம், திரும்ப வராது. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் சுற்றிச் சுற்றி வந்தாக வேண்டும். சாணி வண்டும் மண்புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைச் செய்கின்றன. சமவெளியில் இந்த வேலை வேகமாக நடக்கிறது. மலையுச்சியின் குளிரில் மெதுவாக நடப்பதால் புல்வெளி மண்ணில் கரிமம் தேங்குகிறது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை கறுக்கும், நீர் கசியும், வேர்நார்கள் பின்னிக்கொண்டு வரும். மரம் மட்டும்தான் கரிமத்தைச் சேமிக்கிறது என்று நினைப்பவர்கள் அந்த மண்ணை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். தீ வந்தால் மரத்தில் இருக்கும் கரிமம் புகையாகப் போகும். புல்வெளியின் கரிமத்தில் பெரும்பங்கு தரைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

அயல் தாவரம் என்றால் என்ன? வாட்டில் மரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

வெளியிலிருந்து வந்த எல்லாத் தாவரமும் கேடு செய்வதில்லை. மிளகாயும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்தவையே; வயலை விட்டு ஓடிக் காட்டைப் பிடிக்கவில்லை. தானாகப் பரவி, இருப்பதை நெருக்கித் தள்ளி, நிலத்தின் இயல்பையே மாற்றுவதைத்தான் ஊடுருவும் தாவரம் என்கிறோம்.

வாட்டில் ஆஸ்திரேலிய மரம். நீலகிரியில் சீகை என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலும், காகித, செயற்கை இழைக் கூழுக்காகக் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் பெரிய அளவில் புல்வெளியில் நடப்பட்டன. சோலையை வெட்ட வேண்டாம், சும்மா கிடக்கிற புல்மேட்டில் நடுவோம் என்பது அன்றைய கணக்கு.

நட்ட இடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாட்டில் பயறுக் குடும்பத்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய புல்லுக்கு அந்த உரம் உதவுவதில்லை; களைகளுக்கு உதவுகிறது. இலைக்கூரை மூடியதும் வெயில் நிற்கிறது, புல் சாகிறது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் உறை வெடித்துக் கூட்டமாக முளைக்கும். நீலகிரியில் பரவும் ஸ்காட்ச் ப்ரூம், கோர்ஸ் என்ற மஞ்சள் பூப் புதர்களும் இதே பயறுக் குடும்பம்தான். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தோப்பும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. சோலை அழிந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். புல் அழிந்தபோது பசுமை கூடிவிட்டது என்று பாராட்டினார்கள்.

புல்வெளிக்கும் ஊரின் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

ஊட்டி அருகே கிளென்மார்கனில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் தழைத்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். பெருமழைக் காலத்தில் இது யாருக்கும் தெரியாது. தை, மாசியில் ஓடை வற்றும்போது தெரியும்.

புல்வெளியும் அதன் தாழ்விலுள்ள சதுப்பும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்லக் கசியவிடுகின்றன. பைக்காரா, குந்தா, மாயாறு எல்லாம் இப்படி ஊறி வரும் நீரால் ஓடுபவை. பவானிசாகர் அணைக்குக் கீழே பாசனம் பெறும் கீழ்பவானி ஆயக்கட்டு மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கு மேல். அந்த உழவர்களில் எத்தனை பேரிடம் உங்கள் தண்ணீர் புல்லிலிருந்து வருகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

குறிஞ்சி ஏன் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது?

2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அந்தச் செடி வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, விதை வைத்து, பட்டுப்போகும். எல்லாம் ஒரே பருவத்தில் விதைப்பதால், விதை தின்னும் பூச்சியும் பறவையும் வயிறாரத் தின்ற பிறகும் மிச்சம் ஏராளமாகக் கிடக்கும் என்பது ஒரு விளக்கம். இடையில் பதினோரு ஆண்டு அந்த உணவை நம்பி எந்தப் பூச்சியும் பெருக முடியாது. குறிஞ்சியும் திறந்த வெயில் வேண்டுகிற புல்வெளிச் செடிதான். வாட்டில் நிழலில் அது வளராது.

வாட்டிலையெல்லாம் வெட்டிவிட்டால் பழையபடி ஆகிவிடுமா?

ஆகாது, அவசரப்பட்டால் மோசமாகும். ஒரேயடியாக வெட்டினால் வெயில் பட்டு, மண்ணில் கிடக்கும் விதைகள் ஆயிரக்கணக்கில் முளைக்கும். வெட்டிய பிறகு ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும், நாட்டுப் புல்லை நாற்றாக வளர்த்து நட வேண்டும். சோலையை ஒட்டிய பழைய தோப்புகள் சிலவற்றில் வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் எழுந்து வருகின்றன. அங்கே உறைபனி இல்லையே. அப்படிப்பட்ட இடத்தை வெட்டினால் வளர்ந்துவரும் சோலையும் போகும். என் கருத்தில் முதல் வேலை, இன்னும் மிச்சமிருக்கும் நல்ல புல்வெளிக்குள் புதிதாக நுழையும் இளங்கன்றுகளைப் பிடுங்குவது. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். அடர்ந்து முற்றிய தோப்புகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மனிதர்களும் சூழல் மண்டலத்தில் அடக்கமா?

அடக்கம்தான். நீலகிரியின் மேல்தட்டில் தோடர்கள் பல நூற்றாண்டுகளாக எருமை மேய்த்து வாழ்ந்திருக்கிறார்கள். மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளைச் சுற்றியுள்ள புல்வெளி அந்த மேய்ச்சலோடு சேர்ந்தே நிலைத்தது. அவர்களுடைய கோயில் கூரையை வேய்வதற்கான புல் சதுப்பில் மட்டும் வளரும். சதுப்பு வற்றிய இடங்களில் அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. ஆக, மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதைவிட, என்ன செய்கிறார், எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதைப் பார்க்க வேண்டும்.

வெப்பமாதல் இந்த மலைகளை எப்படிப் பாதிக்கும்?

புல்வெளியைக் காப்பது உறைபனி என்றால், உறைபனி குறையும்போது காவல் குறைகிறது. சோலைக் கன்றுகளைவிட வாட்டில் கன்றுகள் பனியைத் தாங்குகின்றன என்றும், இரவுகள் சூடேறினால் மரங்களின் பரவல் இன்னும் எளிதாகும் என்றும் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சமவெளி உயிரினம் சூடு தாங்காமல் மேலே ஏறலாம். மலையுச்சியில் இருப்பதற்கு மேலே போக இடமில்லை.

அப்படியானால் மரம் நடுவதே தவறா?

இல்லை. காடு இருந்து அழிந்த இடத்தில் அந்தக் காட்டின் மரங்களை நடுங்கள். தெருவில் நிழலுக்கு நடுங்கள். நடுவதற்கு முன் அந்த இடம் என்னவாக இருந்தது என்று கேளுங்கள். புல்வெளி, சதுப்பு, தேரிமணல், முட்புதர்க்காடு இவற்றில் குழி தோண்டாதீர்கள்.

மலைக்குப் போகும்போது நாங்கள் என்ன செய்யலாம்?

காலணியையும் உடையையும் தட்டிவிட்டு ஏறுங்கள்; களை விதைகள் அதில்தான் பயணம் செய்கின்றன. வரையாட்டுக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். சாலைக்குப் பழகிய மந்தை வண்டியில் அடிபடும். குறிஞ்சி பூத்தால் பறிக்க வேண்டாம், அந்தச் செடிக்கு விதை வைக்க வேறு வாய்ப்பு இல்லை. சோலை விளிம்பில் பத்து நிமிடம் நின்று, உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களையும் வைக்கச் சொல்லுங்கள். பனிக்காலக் காலை என்றால் இன்னும் நல்லது. வேறுபாடு உள்ளங்கைக்கே தெரியும்.